அடிக்கற்களின் ஏரி

பேரேரி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் பேரேரி உடைந்த நாளின் மாலையில், என் கணவர் தணிகாசலம் அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். பிறகு மதகைப் பார்க்கப் போனார். கரையோடு அவரும் போனார்.

கரையில் விரிசல் இருப்பதை ஊர் பலமுறை முறையிட்டிருந்தது. ஆனால், புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது அரசின் நீர்நிதியின் விதி. ஏரியோ பழையது.

"உடைப்பு புதுசுதானே, ஐயா?" என்று நீர்நிதி அமைச்சரிடம் கேட்டாள் எதிர்வீட்டு மீன்காரி பூங்காவனம்.

அமைச்சர் ஆலோசகர்களோடு நெடுநேரம் பேசினார். "புதியதுதான். ஆனால் அதை யாரும் கட்டவில்லையே, அம்மா."

நாங்களே கூடையில் மண் சுமந்து கொட்டினோம். நிதியில் வராத மண் ஆக்கிரமிப்பு என்று ஆணை வந்தது. வீரர்கள் அதை வாரியெடுத்ததில் உடைப்பு இன்னும் அகன்றது. வெள்ளம் போன தடத்தை ஆறு என அறிவித்து, ஆற்றில் குடியிருப்பதாக எங்களைக் காலி செய்யச் சொன்னது அடுத்த ஆணை.

மழைக்காலம் நெருங்கியது. மறுபடி வெள்ளம் வந்தால் மிஞ்சிய நாங்களும் மிஞ்சமாட்டோம்.

பூங்காவனம் நீர்நிதி அமைச்சரிடம் மீண்டும் போனாள். "அப்ப புதுசாவே ஒரு கரை கட்டிக் குடுங்க."

"கட்டலாம். முதலில் அடிக்கல் நாட்ட வேண்டும். அதற்கு மட்டும் நிதியில் வரம்பில்லை."

"அப்ப உடைப்புலயே நாட்டுங்க, சாமி. நாலு பேர் கண்ணுல படுற எடம்."

மேளதாளத்தோடு முதல் கல் இறங்கியது. அந்நாட்டில் ஓர் அமைச்சரின் கல்லைவிடச் சிறிய கல்லை இன்னோர் அமைச்சர் நாட்டமாட்டார். பூங்காவனம் சாலைத்துறை அமைச்சரிடம் போனாள். "நீர்நிதி ஐயா கல்லு இடுப்பளவு இருக்குது. உங்களது எம்மாம் பெருசுன்னு ஊரே கேக்குது."

அவருடையது தோளளவில் வந்தது. பிறகு எல்லா அமைச்சர்களும் வந்தார்கள். கடைசியில் மன்னரின் கல்லை யானைகள் இழுத்துவந்தன. இடுக்குகளில் நாங்கள் களிமண்ணை அடைத்தோம். கேட்டவர்களிடம் விழாவுக்குத் தரை மெழுகுவதாகச் சொன்னோம்.

மழை கொட்டியது. ஊரே கரையில் நின்றது. நீர் கற்களில் பொறித்த ஒவ்வொரு பெயராக ஏறி, மன்னரின் பட்டப்பெயர்களுக்குக் கீழே நின்றது. ஒரு துளியும் கசியவில்லை.

"நீர்நிதி ஐயா முழுகிட்டாருடி," என்றாள் பூங்காவனம். கரை முழுவதும் சிரித்தது. தணிகாசலம் போன இடத்தில் நின்று நானும் சிரித்தேன்.

அவ்வாண்டு கடைமடை வரை நெல் விளைந்தது. ஒரு வீடும் காலியாகவில்லை.

அரண்மனையின் அறிவிப்பின்படி, பேரேரியில் பணி இன்னும் தொடங்கவில்லை.