அறுவடை மிஷினில் ஒத்திகை

மாலை மூன்றரை மணிக்குக் கோல்ட்டனின் தொண்டை போய்விட்டது. ஏழு மணிக்கு நாடகம்.

"எப்படிடா போச்சு? மத்தியானம் சாப்பாட்டு வரிசையில ஊரையே கூட்டிக்கிட்டு நின்னியே!" என்றாள் ஜோலீன் ஹவ்லிக்.

கோல்ட்டன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

விளையாட்டுக்கூடமான ஜிம்மில்தான் மேடை; அதன் படியில் ஜோலீன் உட்கார்ந்துவிட்டாள். தெற்கு டகோட்டாவில் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே நிற்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்புக்கும் சேர்த்து முப்பத்தொரு பிள்ளைகள். பாட்டு, வாத்தியம், நாடகம் மூன்றுக்கும் அவள் ஒருத்திதான் டீச்சர். டிரைவர் வராத நாளில் பஸ்ஸும் அவளே ஓட்டுவாள். பிள்ளைகள் நிலைமையும் அப்படித்தான். அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவன் பாதி ஆட்டம் முடிந்ததும் தோள்கவசத்தைக்கூடக் கழற்றாமல் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வாத்திய ஊர்வலத்தில் நிற்பான். இன்றைக்குப் பதினைந்து பேர் வாத்தியத்துக்கு, ஆறு பேர் விளக்குக்கும் திரைக்கும், ஆறு பேர் சாப்பாடு பரிமாற. நடிக்க நாலே பேர். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க ஒரு பிள்ளை மிச்சமில்லை.

போதாக்குறைக்கு, திங்கட்கிழமை பள்ளி போர்டு கூடுகிறது. நாடக மன்றத்தையும் பாட்டு வகுப்பையும் மூடிவிடலாமா என்று ஓட்டெடுப்பு. போர்டில் ஐந்து பேர். மூன்று கை உயர்ந்தால் ஜோலீன் பத்தொன்பது வருஷத்தை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். போன வாரம் ஒத்திகையில் இதைச் சொல்லும்போது, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிக்கிற பிள்ளைகள் நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்றைய நாடகத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது.

"இப்ப ஓட்டோ வேஷத்துக்கு யாருடா இருக்கா?"

கோல்ட்டன் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான்: 'அப்பாவுக்கு வசனம் தெரியும். அறுவடை பூரா மிஷின்ல உக்காந்து ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டே இருந்தோம்.'

ஜோலீனுக்குப் பகீரென்றது. கோல்ட்டனின் அப்பா ராய்ஸ் ஸ்டெங்கல்தான் போர்டின் தலைவர். முப்பத்தொரு பிள்ளைகளுக்கு எதற்கு மேடை என்று கேட்ட புண்ணியவானும் அவரேதான். ஆனால் வேறு வழி?

ராய்ஸ் நாலரை மணிக்கு வந்தார். ஆறடி நாலங்குலம். தலையில் விதைக்கம்பெனித் தொப்பி.

"பையன் எழுதிக் குடுத்தான்னு வந்தேன். ஒரே ஒரு நாள்தான் டீச்சர். இதை வச்சு என்னைக் கவுத்துடலாம்னு நினைக்காதீங்க."

"அய்யோ, இல்லீங்க. முதல் காட்சி. நீங்க ஓட்டோ. ஊர்ல தனியா இருக்குற விவசாயி. கடுதாசியிலேயே பொண்ணு பார்த்து வரவழைக்கிறீங்க. சொல்லுங்க."

ராய்ஸ் தொண்டையைக் கனைத்தார். உத்தரத்தைப் பார்த்தார். பிறகு கணீரென்று சொன்னார்: "நான்தான் கிளாரா. நீங்க அனுப்பின போட்டோவுல தலையில முடி இருந்துச்சே?"

"அது பொண்ணோட வசனம்!"

"எனக்கு அதுதான் தெரியும். அவன் ஓட்டோவைச் சொல்லுவான், நான் மத்த எல்லாத்தையும் படிப்பேன். அவன் சொல்றதைக் கேட்டுக்கிட்டா இருந்தேன்? வண்டி ஓட்ட வேணாமா?"

பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கும் எந்த அப்பாவுக்கும் சொந்தப் பிள்ளையின் வசனம் தெரியாது என்பது பத்தொன்பது வருஷத்தில் அப்போதுதான் ஜோலீனுக்கு உறைத்தது.

அவள் அதை யோசித்து முடிப்பதற்குள் கிளாராவாக நடிக்கும் டெஸ்ஸா, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தாள். குதிரைக் காலுக்குச் சுற்றுகிற ஊதாக் கட்டு கணுக்காலில். அப்பா மிலோ ப்ரூனிங் கால்நடை டாக்டர். அவரும் போர்டில் ஒருவர்.

"படியில புரண்டுடுச்சு டீச்சர்," என்றாள் டெஸ்ஸா. "நிக்கவே முடியல. அப்பாகிட்ட கேளுங்க."

"நான் பாக்குறதுக்குள்ள அவளே கட்டிக்கிட்டா. தொட்டா கத்துறா," என்றார் மிலோ. "பசு மாடுன்னா ஒரு உதை வாங்கிக்கிட்டுப் பார்த்திருப்பேன்."

ஜோலீன் கண்ணை மூடினாள். திறந்தாள். "மிலோ, இவளுக்கு நீங்கதானே வசனம் படிச்சுக் காட்டினீங்க? ஓட்டோ வசனம் தெரியுமா?"

"தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்."

"அப்ப நீங்க ஓட்டோ. ராய்ஸ், நீங்க கிளாரா."

ஒரு காளையின் காரணமாக ராய்ஸும் மிலோவும் இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"இந்த ஆளை நான் கட்டிக்கிறதா?" என்றார் ராய்ஸ்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றார் மிலோ.

"மேடையிலதான். இருபத்தஞ்சு நிமிஷம்," என்று கும்பிடாத குறையாகக் கேட்டாள் ஜோலீன். கல்யாண உடுப்பு ராய்ஸின் தோளைத் தாண்டவில்லை. முக்காட்டை மட்டும் தொப்பியின் மேல் குத்திவிட்டாள். தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று அவர் அடம்பிடித்துவிட்டார்.

ஆறரை மணிக்குப் பாதிரி வேஷம் போட வேண்டிய வேட் என்ற பையனைக் காணோம். பள்ளி பஸ்ஸுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, மேடை என்றாலே கை கால் நடுங்குகிறது என்கிறானாம். போன வெள்ளிக்கிழமைதான் கால்பந்து ஆட்டத்தில் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆளைப் பாய்ந்து தள்ளிப் பந்தைப் பிடுங்கியவன் அவன்.

சமையலறையில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா நார்லீன் கஸ்பர் மாவுக் கையோடு வந்தாள். தபாலாபீஸ்காரி. போர்டில் மூன்றாவது ஆள்.

"பாதிரிதானே? வேதப் புத்தகத்துக்குள்ள வசனத்தை ஒட்டிக் குடு ஜோலீன், படிச்சுட்டுப் போறேன்."

பிரச்சினை ஒழிந்தது என்று ஜோலீன் மூச்சு விட்டாள். அப்புறம்தான் நார்லீன் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. ராய்ஸின் கண்ணாடியை வாங்கி அவளுக்கு மாட்டினாள். எழுத்து தெரிந்தது. ராய்ஸுக்குத்தான் மேடை எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போயிற்று.

ஏழு மணி. ஊரே வந்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டது. போர்டின் மீதி இரண்டு பேரும் முதல் வரிசையில். திரை விலகியது. முக்காடும் தொப்பியுமாக ராய்ஸ் பெட்டியோடு நுழைந்தார். கூரை போகும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் மிரண்டு போய் நாலு எட்டு தள்ளி வைத்தார். ஐந்தாவது எட்டு மேடையைத் தாண்டி, கீழே இருந்த பெரிய டிரம்முக்குள் இறங்கியது. வாத்தியக்காரப் பிள்ளைகள் ஆளுக்கொரு கை கொடுத்து மணப்பெண்ணை மேலே தூக்கிவிட்டார்கள்.

"போட்டோவுல தலையில முடி இருந்துச்சே?" என்றார் ராய்ஸ், திரைச்சீலையைப் பார்த்து.

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்யா," என்றார் மிலோ.

ஜோலீன் திரைக்குப் பின்னால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்தது. போர்டில் மூன்று பேரை ஊர் முன்னால் கோமாளியாக்கியாயிற்று. திங்கட்கிழமை எந்தக் கை கீழே இருக்கப் போகிறது? மனதுக்குள் அட்டைப்பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. கிளாரா ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று கிளம்பி, வாசலில் நின்று பேசுகிற இடம். ராய்ஸ் நின்றார்.

"பகல் பூரா காத்துச் சத்தம்தான் ஓட்டோ. நேத்து நான் பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினேன். நீங்க வெளியில வேலையை நிறுத்திட்டு நின்னு கேட்டீங்க. யாராவது பாடலைன்னா, இங்க மனுஷங்க இருக்கோம்னு இந்தக் காத்துக்கு எப்படித் தெரியும்?"

அறுவடை மிஷினில் எத்தனை முறை படித்தாரோ, அந்த வரி அவருக்கு இப்போதுதான் கேட்டது போலிருந்தது. கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. முக்காடு கோணலாகத் தொங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. மிலோ, நாடகத்தில் இல்லாதபடி, எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதேய்யா," என்றார். அதுவும் நாடகத்தில் இல்லை. நார்லீன் இருவரையும் சேர்த்து ஆசீர்வதித்துவிட்டு ராய்ஸின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜோலீனும் அழுதாள்; எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ராய்ஸ் முக்காட்டை எடுக்காமலேயே அவளிடம் வந்தார். "அடுத்த நாடகம் எப்போ டீச்சர்?"

"திங்கட்கிழமை நீங்க..."

"திங்கட்கிழமையை நான் பாத்துக்கறேன். இந்தத் தடவை எனக்கு ஆம்பளை வேஷம் குடுத்துடுங்க."

"எனக்குக் கொஞ்சம் பெரிய வசனமா இருக்கட்டும்," என்றாள் நார்லீன். மிலோ ராய்ஸின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.

ஜோலீன் மலைத்துப் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து, "அப்பா! சூப்பர்ப்பா!" என்று ஜிம் அதிர ஒரு குரல் கேட்டது. கோல்ட்டன்தான். பக்கத்தில் டெஸ்ஸா நாற்காலி மேல் ஏறி, ஊதாக் கட்டு போட்ட காலாலேயே குதித்துக்கொண்டிருந்தாள். வேட் கையும் காலும் துளிகூட நடுங்காமல் மூன்றாவது பட்டை ரொட்டியை விழுங்கிக்கொண்டிருந்தான்.

ஜோலீன் மெதுவாகத் திரும்பினாள். கிளாராவின் அத்தையாக வந்து, நாலு வசனத்தையும் பிசகாமல் சொல்லிப்போன பிரின்லி நரை விக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பிரின்லி, நீ ஒருத்தி மட்டும் எப்படிடி நல்லா இருந்தே?"

"எங்கம்மாவும் போர்டுலதான் டீச்சர். ஆனா அஞ்சு பேர்ல மூணு பேர் போதும்ல?"