ஆறு வீடுகளும் ஒரு குழாயும்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தைப் பார்வையிட வந்தபோது நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஆறு வீடுகளிலும் விளக்கு எரிந்தது, அடுப்பில் ஏதோ கொதித்தது, ஆட்கள் இருந்தார்கள். "பரவாயில்லையே, ஒரே வருஷத்துல ஒரு தெருவையே உண்டாக்கிட்டீங்க" என்றீர்கள். நான் சிரித்தேன். அந்த ஆறு குடும்பமும் முதல் வீட்டில்தான் குடியிருக்கின்றன என்று சொல்லவில்லை.

கோபப்படுவதற்கு முன் இந்த ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் சங்கத்துக்கு நிலம் கொடுத்தபோது அதில் முள்ளும் கல்லும்தான் இருந்தன. எங்கள் சங்கத்துக்கு ஒரே விதி: யாருக்கு எந்த வீடு என்று தெரியாமலேயே எல்லோரும் எல்லா வீட்டையும் கட்ட வேண்டும், கடைசிக் கதவு மாட்டிய பிறகுதான் சீட்டுக் குலுக்கல். கொத்தனார் அண்ணன் ஒரு சுவரை இடித்து இடித்துக் கட்டினார். ஏன் என்று கேட்டேன். "கோணச் சுவரு எனக்கே விழுந்துட்டா, ஆயுசு முழுக்க என் பொண்டாட்டி அதைக் காட்டிக் காட்டித்தானே சோறு போடுவா" என்றார். குலுக்கலும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் முடிந்தது. வராதது தண்ணீர்தான். சிமெண்ட் குழைக்க முதல் வீட்டுக்கு வாங்கிய இணைப்போடு சரி, மற்ற ஐந்துக்கும் இன்னும் குழாய் வரவில்லை. வேலைக்குப் போட்டு நாங்கள் தங்கியிருந்த கொட்டகையையும் பிரித்தாயிற்று, மழையும் பிடித்துக்கொண்டது, எல்லோரும் பாயும் பாத்திரமுமாக முதல் வீட்டுக்குள் புகுந்துவிட்டோம்.

"ஆறு வீட்டுலயும் ஆள் குடியிருந்தா பக்கத்து நிலத்தையும் தரேன், இல்லேன்னா வித்துடுவேன்" என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். அந்த நிலத்தை நம்பி இன்னும் பத்துக் குடும்பங்கள் ஒழுகுகிற வாடகை வீடுகளில் காத்திருக்கின்றன. ஆகவே நீங்கள் முன்வாசல் வழியாக நடக்க, நாங்கள் பின்வாசல் வழியாக ஓடினோம். டிரைவர் அண்ணனின் மகள் இரண்டாம் வீட்டிலும் நான்காம் வீட்டிலும் அதே மஞ்சள் கவுனில் உங்களுக்கு வணக்கம் வைத்தாள். "இந்தப் பாப்பாவை அங்கயே பாத்தேனே?" என்றீர்கள். தையல்கார அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே, "துணி மொத்தமா எடுத்தா மலிவுங்க. எல்லாப் புள்ளைக்கும் அதே கவுன்தான்" என்றார். "மூஞ்சியுமா?" என்று கேட்டீர்கள். அதற்குள் கொத்தனார் அண்ணன், வேறு சட்டையில், வேறு வீட்டுக்காரராக வந்து, மொட்டைமாடியைக் காட்டுகிறேன் என்று உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனாலும் பெரியப்பா, எங்கள் வருடம் வீணாகவில்லை என்று அடித்துச் சொல்வேன். ஒரு குளியலறைக்கு ஆறு குடும்பம் வரிசையில் நிற்கிறது; ஒருவரைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்ததில்லை. டிரைவர் அண்ணன் குறட்டை விட்டால் பக்கத்து அறையிலிருந்து தையல்கார அக்கா, "அண்ணே, கியரை மாத்துங்க" என்பார். அவரும் புரண்டு படுத்துக்கொள்வார். ஒரே குடும்பமாகிவிட்டோம். குழாய் வருகிற அன்றே அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம், அது நிச்சயம். வீட்டைக் காசு இருந்தால் யாரும் கட்டலாம். இந்த ஒற்றுமையை எந்தக் கடையில் போய் வாங்குவது? திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், நிலத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் உடம்பும் மனசும் சௌக்கியமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்,
சங்கத்தின் செயலாளர்

பி.கு.: இதைத் தபாலில் போடத் தயங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். அதற்குள் ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் நகரவில்லை. முதலில் போகிறவர் மற்றவர்களைப் பிடிக்காமல் போனதாக ஆகிவிடுமாம். "நீங்க போங்க, நாங்க பின்னாலயே வர்றோம்" என்றே நாட்கள் ஓடின. நேற்றுக் காலை நானும் அம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போனோம். "எங்ககூட இருக்கப் புடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல" என்று தையல்கார அக்கா அழுதார். "அவங்களுக்கு மட்டும்தான் ரோஷமா?" என்று டிரைவர் அண்ணன் பெட்டியைத் தூக்கினார். சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராகக் கோபித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஆறு வீட்டிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.