கம்ப்யூட்டருக்கு மாலை போட்ட வோல்டேஜ் அண்ணன்

இந்தப் பூமியில் ஓடுகிற, சுற்றுகிற, இரைகிற எல்லா இயந்திரங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு தாய்மாமன் உண்டென்றால், அது புனே விஷ்ராந்த்வாடியில் எங்கள் மேல் மாடியில் இருந்த வோல்டேஜ் அண்ணன்தான்.

எது பழுதானாலும் அவருக்குக் காரணம் ஒன்றே: "வோல்டேஜ் பத்தலப்பா." மிக்சி நின்றால் அதுதான். ஸ்கூட்டர் நின்றால் அதுதான். தன் மருமகன் வாய் திறந்து பேசாததற்கும் அதுதான். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெற்றோர் வேலூர்ப் பக்கம். அவர் பிறந்தது புனேயில். அதனால் அவர் தமிழில் இந்தியும் மராத்தியும் டிக்கெட் இல்லாமல் ஏறி இறங்கும்.

தசரா வந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வேலையிலிருந்த வரை வருஷந்தோறும் தன் லேத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டவர். ஓய்வு பெற்ற பின் லேத்துக்கு எங்கே போவார்? செண்டுமல்லி மாலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக இறங்குவார். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கேட்டில் நிற்கும் ஸ்கூட்டர் எதுவும் தப்பாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாணேரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். பொள்ளாச்சிச் சொந்தங்களிடம் இத்துடன் நிறுத்திக்கொள்வேன். ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்களைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே என் வேலை என்பது அவர்களுக்கு எதற்கு?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சிஸ்டம் பழசாகிவிட்டதாம், புதுசுக்கு மாற வேண்டுமாம். 'இப்போதா, பிறகா?' என்று கேட்கும். 'பிறகு' என்று அழுத்திவிட்டுச் சீட்டாட்டம் ஆடுவேன். ஒரு தசரா லீவில் எங்கிருந்தோ வீரம் வந்து 'இப்போது' என்று அழுத்திவிட்டேன்.

மனைவி சுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நம்ம பாப்பா பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ பூராவும் அதுலதானுங்க இருக்குது. காப்பி எடுத்து வெச்சீங்களா?"

"நேத்தே எடுத்தாச்சு" என்றேன். சத்தியமான உண்மை.

அப்போதுதான் அண்ணன் நுழைந்தார். திரையில் ஏறும் சதவீதத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இன்னாப்பா, பூஜை போடாமலே ஆரம்பிச்சிட்ட?" கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். இருப்பதிலேயே தடித்த மாலையை இரண்டு சுற்றுச் சுற்றினார். அடுத்து வாசலுக்குப் போய்க் கட்டடத்துக்கே உத்தரவு போட்டார்: "யாரும் மிக்சி, கிரைண்டர் போடாதீங்க! இங்க வோல்டேஜ் வேணும்!"

கீழ் வீட்டு மராத்திக்கார அம்மாள் பூரிக்கு மாவு பிசைந்த கையோடு வந்து, "அண்ணா, மிக்சர் லாவூ கா?" என்று மிக்சி போட அனுமதி கேட்டுக் கெஞ்சினார்.

"அபி நக்கோ தாயி! பெரிய வேலை நடக்குது!"

அறுபது சதவீதத்தைத் தாண்டியதும் பெட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் பயந்தேன்.

"சந்தோஷத்துல சத்தம் போடுதுப்பா. என் லேத்தும் இப்படித்தான்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சந்தோஷம் இன்னும் கொஞ்சம் கூடி, திரை கறுத்துப்போனது.

சுமதி கரண்டியோடு வந்தாள். "போனாப் போகுது. அந்தக் காப்பி எங்கீங்க?"

"'பத்திரம்'னு பேர் போட்டு வெச்சிருக்கேன்."

"எங்கீங்க?"

அதே பெட்டியைக் கைகாட்டினேன். சுமதி கரண்டியை மேஜையில் வைத்தாள். இருபது வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

பட்டனை அழுத்தப் போனேன். அண்ணன் கையைப் பிடித்தார். "பூஜை போட்ட மெஷினை நாளைக்குத்தான் தொடணும்!"

சுமதி அவரைத் தாண்டிப் போய்ப் பெட்டியைத் தொட்டுக் கையை உதறினாள். "அண்ணா, தோசைக்கல்லாட்டக் கொதிக்குதுங்க! காத்துப் போற ஓட்டைய பூரா உங்க மாலை அடைச்சுப்போட்டுது!"

அண்ணன் தன் கையாலேயே மாலையைக் கழற்றினார். வருஷங்களாகக் காத்த வழக்கத்தை உடைத்ததற்கு மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளை மடித்துப் பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். "மன்னிச்சுக்கோடா ராஜா" என்றார். என்னிடம் அல்ல.

பெட்டி குளிர்ந்ததும் பட்டனை அழுத்தினேன். பழைய நிலைக்கே திரும்புகிறேன் என்று அறிவித்துவிட்டு, நிதானமாகத் திரும்பியும் விட்டது. மேம்பாடு பூஜ்யம். போட்டோக்கள் இருந்தன. சுமதி ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாலை போட்ட மூன்று சக்கர சைக்கிளில் பாப்பா. மாலை போட்ட பெரிய சைக்கிளில் பாப்பா. மாலை போட்ட ஸ்கூட்டியில் பாப்பா. எல்லாவற்றிலும் பக்கத்தில் விறைப்பாக, சொந்த லேத்தோடு நிற்பவர் மாதிரி அண்ணன்.

"நம்ம பாப்பாவா இது? என்னா வோல்டேஜ்!" என்று மூக்கை உறிஞ்சினார். விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது அவர் புனேக்கு வெளியே சாகணில் மகன் வீட்டில் இருக்கிறார். போட்டோக்களின் காப்பி ஒரு தனி டிஸ்கில், சுமதியின் நகைப் பெட்டியில் இருக்கிறது. சாவி என்னிடம் இல்லை. கம்ப்யூட்டர் இன்னும் தினமும் கேட்கிறது, இப்போதா, பிறகா என்று. தசராவுக்கு வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். 'பிறகு' என்று அழுத்திவிட்டு, பூக்காரரிடம் மாலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சின்னதாக, காற்றை மறைக்காத மாதிரி.