ஆணிக்கு ஒரு சூரியன்

சூரியனின் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. பல் டாக்டருக்குக் கறுப்புப் புள்ளியைக் கண்டால் கை சும்மா இருக்காது. இருபது வருடத் தொழில் பழக்கம்.

“தூசிதான்,” என்றார் மானிட்டரை முறைத்துக்கொண்டு. “கேமரா சென்சார்ல தூசி உக்காந்திருக்கு.”

“இத்தனூண்டு தானே டாக்டர்? யாரு கவனிக்கப் போறாங்க?” என்றாள் நர்ஸ்.

“சொத்தையும் இத்தனூண்டுதான் ஆரம்பிக்கும்.”

புகைப்படக் கழகத்தின் வருடாந்திரக் கண்காட்சிக்கு ஐந்து வருடமாகப் படம் அனுப்புகிறார். ஐந்தும் போன வேகத்தில் திரும்பி வந்தன. தேர்வாகும் படத்தை மாட்ட முதல் வருடமே வரவேற்பறைச் சுவரில் ஆணி அடித்துவிட்டார். அதில் அவர் மனைவி குடை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வருடத் தலைப்பு ‘இன்றைய சூரியன்’. இன்றைக்கே எடுத்த படம் இன்றைக்கே மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஏன் இன்றைக்கு என்று கழகம் அனுப்பிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் விளக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பல்செட் அச்சுக்கு அடியில் கிடந்தது.

மதியம் நோயாளிகள் வருவதற்கு முன்பே மொட்டை மாடிக்குப் போய், சூரியனுக்கான கறுப்பு ஃபில்டரை லென்ஸில் மாட்டிப் பார்த்தவர் மூச்சுவிட மறந்தார். நிமிர்ந்து பார்க்கவே விடாத அந்தப் பெரிய மனுஷன், ஆரஞ்சு வட்டமாக, அமைதியாக, அவருக்கு மட்டும் முகம் காட்டிக்கொண்டிருந்தார். எட்டு நிமிடத்துக்கு முன் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் தபால்தலை அளவு சென்சாரில் வந்து இறங்குகிறது என்று நினைத்ததும் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “அடேயப்பா!” என்று வாய்விட்டே சொன்னார்.

அந்தப் படத்தில்தான் இந்தப் புள்ளி.

பக்கத்து நாற்காலியில் ஒரு அறிவியல் வாத்தியார் சாய்ந்திருந்தார். அவருடைய கடைவாய்ப் பல்லை டாக்டர் அப்போதுதான் பிடுங்கியிருந்தார். வரும்போதே அவர், “சீக்கிரம் விட்டுடுங்க டாக்டர், பசங்களுக்கு இன்னிக்கு மாடியில ஒண்ணு காட்ட...” என்று ஆரம்பித்தார்.

“முதல்ல எனக்கு ஆ காட்டுங்க,” என்று டாக்டர் முடித்துவிட்டார்.

இப்போது வாய் நிறையப் பஞ்சு. ஒரு மணி நேரம் கடித்துப் பிடிக்க வேண்டும், பேசக் கூடாது என்பது உத்தரவு. மானிட்டரைப் பார்த்த வாத்தியார் விருட்டென்று நிமிர்ந்தார். “ம்ம்! ம்ம்ம்!” என்றார்.

“வலிக்கும். பொறுத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் கேமராவைத் திறந்தார். ரப்பர் பந்தால் புஸ் புஸ்ஸென்று காற்றடித்தார். மாடிக்கு ஓடி இன்னொரு படம் எடுத்து வந்தார்.

புள்ளி இருந்தது. ஆனால் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது.

“நகர்ந்திருக்கு! காத்து வேலை செய்யுது!”

மறுபடி காற்று, மறுபடி மாடி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, போகவில்லை. சென்சார் துடைக்கும் குச்சியில் திரவம் தொட்டு ஈரமாகத் துடைத்தார். அடுத்த படத்தில் ஏழு புள்ளிகள்.

“குடும்பத்தையே கூட்டிட்டு வந்துடுச்சு டாக்டர்,” என்றாள் நர்ஸ்.

இன்னொரு குச்சி, இன்னொரு ஓட்டம். ஆறு ஒழிந்தன. பழைய புள்ளி மட்டும், யாருக்கும் பயப்படாமல், நிதானமாக நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டாக்டருக்கு எரிச்சலை மீறி ஒரு மரியாதையே வந்துவிட்டது.

வாத்தியார் இடது கையால் காற்றில் பெரிய வட்டம் போட்டார். வலது சுண்டுவிரலை அதன் குறுக்கே மெல்ல நகர்த்திக் காட்டினார்.

“தலை சுத்துதாம்,” என்று நர்ஸ் நாற்காலியை இன்னும் சாய்த்துப் படுக்க வைத்தாள். அவர் எழுதுவதுபோல் சைகை செய்தார். “மருந்துச் சீட்டு டாக்டர் எழுதித் தருவாரு சார், பதறாதீங்க.”

“ஒருவேளை மானிட்டர்ல கோளாறோ?” என்று டாக்டருக்குத் தோன்றியது. வாங்கி வைத்துப் பிரிக்காத நிறம் அளக்கும் கருவியை எடுத்துத் திரையில் தொங்கவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை மாறி மாறிக் காட்ட, கருவி ஒவ்வொன்றாக அளந்தது. முடிந்ததும் திரையில் மறுபடி சூரியன் வந்தது.

மூன்று பேரும் வாயடைத்துப் போனார்கள். வாத்தியாருக்கு ஏற்கெனவே அடைத்துத்தான் இருந்தது. இத்தனை நேரம் மஞ்சள் பூத்துக் கிடந்த வட்டம் இப்போது தணலாகத் தகதகத்தது. ஓரத்தில் மங்கி நடுவில் பொங்கியது. அறையே சிறுத்துவிட்டதுபோல் இருந்தது.

நர்ஸ்தான் முதலில் பேசினாள். “அப்போ போன வாரம் ஸ்க்ரீன்ல காட்டி, பல்லு மஞ்சளா இருக்குன்னு நாலு பேருக்கு வெளுத்து அனுப்பினோமே...”

“அதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதே.”

புள்ளியும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஓரம் பிசிறில்லாத சுத்தமான உருண்டை. இவ்வளவு ஒழுங்கான தூசியை டாக்டர் பார்த்ததே இல்லை.

மணி இரண்டு ஐம்பது. மாடியிலிருந்த வீட்டுப் படியில் இறங்கி வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, குடையை எடுத்துடவா, இல்ல இந்த வருஷமும் ஆணி எனக்குத்தானா?”

அந்தக் கேள்வி நேரே போய்த் தைத்தது. டாக்டர் மவுஸைப் பிடித்தார். புள்ளியைப் பெரிதாக்கினார். பக்கத்திலிருந்த தணலைக் கொஞ்சம் எடுத்து அதன் மேல் அடைத்தார். ஒரே நொடி. சொத்தை இருந்த சுவடே இல்லை.

வாத்தியார் நாற்காலியின் கைப்பிடியைப் படபடவென்று தட்டினார்.

“பார்த்தீங்களா, இவரே கை தட்டறாரு!” என்று டாக்டர் பூரித்து, படத்தை அனுப்பிவிட்டார். “ஐயாயிரம் பேர் அனுப்பட்டும். இவ்வளவு சுத்தமான சூரியன் ஒருத்தர்கிட்டயும் இருக்காது. குடையை எடுத்துடும்மா.”

மனைவி நிஜமாகவே குடையை எடுத்தாள். ஐந்து வருடத்தில் முதல் முறை.

ஒரு மணி நேரம் முடிந்ததைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு, அவர் வாத்தியாரின் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். “இப்ப சொல்லுங்க சார், என்னமோ சொல்ல வந்தீங்களே?”

வாத்தியார் தாடையைத் தடவிக்கொண்டு, அந்தப் புள்ளியில்லாத சூரியனையே பார்த்தபடி சொன்னார்: “என் பல்லைப் பிடுங்கினீங்க, சரி, சூரியனுக்குக் குறுக்கே தன்பாட்டுக்குப் போயிட்டிருந்த புதன் கிரகத்தை எதுக்கு டாக்டர் பிடுங்கினீங்க?”