ஜனாதிபதி தப்பித்தார், உன் அத்தை போய்விட்டாள்

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினரும் என் தங்கை மகனுமாகிய செவெரினுக்கு, பிரயிலாவிலிருந்து மாமன் ஹரலம்பிய எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். உள்ளபடி நலமில்லை. காரணம் நீங்கள்தான்.

ஜனாதிபதி தப்பு செய்தார் என்றால் தலைநகர் புக்கரெஸ்டில் கூடியிருக்கிற நீங்களே அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் பேசாமல் விட்டிருக்கலாம், அடுத்த தேர்தலில் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். நீங்களோ அவரைப் பாதி நீக்கிவிட்டு, மீதியை வாக்கெடுப்பு என்று எங்கள் தலையில் கட்டினீர்கள். அதிலும் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போடாவிட்டால் அவர் அப்படியே இருப்பாராம். எங்கள் கட்சிக்காரர்கள் உடனே, ஜனாதிபதி மேல் அன்புள்ளவன் எவனும் அன்று வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதே அரசியல் என்றால் எனக்கென்ன கஷ்டம் என்று நானும் உட்கார்ந்தேன். உன் பராஸ்கீவா அத்தைக்கோ, ஓய்வூதியத்தைக் குறைத்த நாளிலிருந்து அந்த மனுஷனைக் கண்டாலே ஆகாது.

"பிடிச்சா போய் அவருக்கே ஓட்டுப் போடுங்க, நான் தடுக்கல. வீட்ல குந்திக்கிட்டு என் ஓட்டையும் சேத்துச் சாகடிக்கிறீங்களே, அதான் பொறுக்கல" என்றாள். நான் போய் அவருக்காகப் போட்டாலும் எண்ணிக்கை கூடி அவருக்குத்தானே கேடு என்று விளக்கினேன். விளக்கியது தப்பு. அன்றிலிருந்து சூப் நின்றது.

வாக்கெடுப்பு நடந்த ஞாயிறன்று நல்ல வெயில். அடுப்பில் கத்தரிக்காய் சுட்டுக்கொண்டிருக்கிறேன், கதவைத் தட்டுகிறார்கள். வாக்குச்சாவடி வேலையிலிருந்த மூன்றாம் மாடி மரிலேனா, ஒரு போலீஸ்காரர், கையில் ஓட்டுப்பெட்டி. நடக்க முடியாத நோயாளிகளுக்குப் பெட்டி வீடு தேடி வரும் இல்லையா, நான் படுத்த படுக்கை என்று அத்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பொய் சொன்னாள் என்று அவளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, ஓடிப்போய்ப் படுத்து முனக ஆரம்பித்தேன்.

"நேத்து ஒரு தர்பூசணியைத் தோள்ல தூக்கிட்டுப் படியேறினீங்களே மாமா?" என்றாள் மரிலேனா.

"அதுல விழுந்ததுதாம்மா. பேனா பிடிக்கக்கூட முடியல" என்றேன். போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீக்கிரம் குணமாகட்டும் என்றார். பெட்டி காலியாகவே திரும்பியது. அத்தை அடுப்பை அணைத்தாள். பையை எடுத்தாள், ஓட்டுப் போடப் போகிறேன் என்று கிளம்பினாள், அப்படியே ஆற்றுக்கு அக்கரையில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாதிப் பேர் வரவில்லை, ஜனாதிபதி பிழைத்தார், கீழே கட்சிக்காரர்கள் கொட்டடித்து ஆடினார்கள், நான் வெற்றி பெற்றவன், நின்றபடியே தக்காளியும் பாலாடைக்கட்டியும் தின்கிறேன், உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது. எனக்கு அவள் வேண்டும்டா செவெரின். நீங்கள் கிளப்பிவிட்ட சண்டை இது, நீயே வந்து அத்தையிடம் பேசி அழைத்து வந்து விடு. நாடாளுமன்றம் இதையாவது உருப்படியாகச் செய்யட்டும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், சண்டையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் கொடுக்கட்டும்.

உன் மாமன்,
ஹரலம்பிய

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அத்தை போன் செய்தாள். அவளும் அன்று ஓட்டுப் போடப் போகவில்லையாம். பிறகு ஏன்டி போனாய் என்று கேட்டேன். "ரொம்ப வருஷமாவே போகணும்னு இருந்தேங்க. ஜனாதிபதியாலன்னு சொன்னா மேல யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க மாட்டேன்னுவீங்கன்னு தெரிஞ்சுதான் பெட்டியையே வரவழைச்சேன், ஆனாலும் நீங்க பாட்டுக்கு ஓட்டுப் போட்டுட்டா என்ன சொல்லிட்டுக் கிளம்புறதுன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஜனாதிபதியை அனுப்பலாமா வேண்டாமா என்று நாட்டையே கூப்பிட்டுக் கேட்டீர்கள். என் விஷயத்தில் என்னைக்கூட யாரும் கேட்கவில்லை.