ஆறு இலக்கங்களின் காவல்காரர்

நாற்பத்தாறு. ஏறாவூர் முத்தலிப்பின் கைத்தொலைபேசி இலக்கத்தை நம்பி இந்த உலகத்தில் கணக்கு வைத்திருப்பவர்களின் தொகை இது. அவருடைய மனைவி நபீஸா இந்தத் தொகைக்குள் இல்லை. அவர் தன் இலக்கத்தைத் தானே வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

ஐம்பத்திரண்டு வயதான முத்தலிப்பைத் தனி மனிதராக எண்ணிவிடாதீர்கள். அவர் ஓர் இனம். ஊருக்கு ஒருவர், பெரிய குடும்பமென்றால் குடும்பத்துக்கு ஒருவர் என்று பரவியிருக்கும் அந்த இனத்துக்கு டோக்கன் காவலர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏதோ ஒரு தளத்தில் கணக்குத் திறக்க உட்காருகிறீர்கள். பெயர் உங்களுடையது, பிறந்த திகதி உங்களுடையது, அடையாள அட்டையும் உங்களுடையதுதான். தொலைபேசி இலக்கம் என்ற கட்டம் வந்ததும் பக்கத்தில் நிற்பவர் உங்கள் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தன் இலக்கத்தைத் தட்டுகிறார். கெட்ட எண்ணமா? துளியும் இல்லை. கூலி கேட்பாரா? ஒரு பிளேன்டீகூடக் கேட்கமாட்டார்.

"உங்கட சிம் தொலையும், போன் தண்ணிக்க உழும், புள்ளைகள் உடைக்கும். என்ட நம்பர் பதினேழு வருஷமா மாறல்ல" என்பார்.

கணக்கைத் திறக்கும் ஆறு இலக்க டோக்கன் இனி அவர் போனுக்குத்தான் வரும். அன்றிலிருந்து நீங்கள் உங்கள் கணக்குக்குள் போக அவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

இந்த வித்தையை முத்தலிப் எங்கே கற்றார்? பதினொரு வருடம் தோஹாவில் ஒரு வங்கியின் வாசலில் சீருடை போட்டுக் காவல் நின்றார். உள்ளே நடப்பதைக் கண்ணாடிக் கதவினூடாகப் பார்த்துப் பார்த்தே பாதிப் படிப்பு முடிந்தது. மீதியை யூடியூபில் முடித்தார். ஊருக்குத் திரும்பும்போது, குப்பைக்கூடைக்குப் போகவிருந்த ஒரு சின்னக் கருவியை வங்கிக்காரர் ஒருவர் அவர் கையில் கொடுத்தார். விரலளவு பிளாஸ்டிக். நிமிடத்துக்கு ஒருமுறை அதன் முகத்தில் ஆறு இலக்கம் மாறும். வங்கி அதை எப்போதோ ரத்துச் செய்துவிட்டது. அது திறக்கக்கூடிய கதவு உலகத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் முத்தலிப்பின் சாவிக்கொத்தில் அது தொங்குகிறது. யாராவது நேரம் கேட்டால்கூட முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

டோக்கன் காவலரைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அவரிடம் கேட்டது கிடைக்கும் முன் கேட்காதது கிடைக்கும். ஹில்மியின் பேக்கரியில் மாலை நேரத்தில் மாலுபாண் வாங்கப் போனவர்கள் டோக்கன் வகைகளைப் பற்றி அறிந்துகொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். ஒருமுறை உள்ளே போன பிறகு முகநூல் ஏன் மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்பதில்லை? கண்ணுக்குத் தெரியாத ஒரு டோக்கனை அது உங்கள் போனின் கையில் கட்டிவிட்டிருக்கிறது. மருதமுனைக் கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தலுக்குக் கொடுக்கிற சீட்டு மாதிரி. கடையில் அட்டையைத் தட்டிக் காசு கட்டும்போது உண்மையான அட்டை இலக்கம் போகிறதா? போகவே போகாது, அதற்குப் பதிலாக ஒரு பொய் இலக்கம் போகிறது, அதுவும் டோக்கன். வெளிநாட்டுப் பையன்கள் இணையக் காசு என்று வாங்கி விற்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது? டோக்கன். சரி, ஹில்மி தன் பேக்கரிக்கு விளம்பரம் எழுதச் சொல்லிக் கெஞ்சுகிற அந்தப் பேசும் ஏஐ செயலி?

அதுவும் டோக்கன்தான். நாம் எழுதுவதை அது சொல்லாகப் படிப்பதில்லை, துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்கும். ஆங்கிலச் சொல் ஒரே துண்டில் இறங்கிவிடும், தமிழ்ச் சொல்லுக்கு நாலைந்து துண்டு வேண்டும். இதைக் கண்டறிந்த நாளிலிருந்து முத்தலிப் ஊருக்கு ஒரு புதிய அறிவுரை சொல்லத் தொடங்கினார்: செயலியிடம் தமிழில் சுருக்கமாகப் பேசுங்கள்.

"மத்தவன சுருக்கச் சொல்ற ஆளப் பாரு" என்றார் ஹில்மி, பாணைத் தாளில் சுற்றிக்கொண்டே.

இதெல்லாம் தவறான தகவலா? இல்லை. எல்லாம் சரி. அதுதான் இந்த இனத்தின் கொடுமை. தவறாகச் சொன்னால் எழுந்து போய்விடலாம்.

மண்டூரில் வயல் செய்கிற கோணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகனும் முத்தலிப்பும் தோஹாவில் ஒரே அறையில் இருந்தவர்கள். அந்த உறவில் கோணாமலையின் உர மானியப் பதிவும் வாவி கடந்து முத்தலிப்பின் போனுக்குள் வந்து குடியேறிவிட்டது. போன போகத்தில் ஒருநாள் அவர் வயல் வட்டைக்குள் நின்றபடி இலக்கம் கேட்டு அழைத்தார். இலக்கத்தின் ஆயுள் இரண்டு நிமிடம். அது ஏன் இரண்டு நிமிடம் என்று முத்தலிப் சொல்லி முடிக்க மூன்று நிமிடம். மறுபடி எடுத்தார்கள். ஒருமுறை பாவித்த இலக்கம் ஏன் மறுமுறை செல்லாது என்ற விளக்கத்தில் அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை கோணாமலை நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, டோக்கன் எண்டா என்ன எண்டு எனக்கு நல்லா விளங்கிட்டு. நம்பர்தான் இன்னும் வரல்ல."

இப்படி ஓடிக்கொண்டிருந்த காவலில்தான் றுமானாவின் வெள்ளிக்கிழமை வந்தது.

றுமானா அடுத்த வீட்டுப் பெண். இருபத்தெட்டு வயது. மருந்தகம் ஒன்றில் ஐந்து வருடமாகப் பெட்டி அடுக்குகிறார்; மருந்தாளர் பயிற்சிக்கு மூன்று தடவை விண்ணப்பித்து, இந்தத் தடவைதான் பெயர் வந்திருக்கிறது. அடுத்த வருடம் விண்ணப்பிக்க முடியாது, வயதெல்லை முடிந்துவிடும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பயிற்சி நிறுவனத்தின் தளத்துக்குள் போய், இடத்தை ஏற்கிறேன் என்ற பொத்தானை வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு முன் அழுத்த வேண்டும். தளத்துக்குள் போக ஆறு இலக்கம் வேண்டும். ஆறு இலக்கம் யாருடைய போனுக்கு வரும் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை.

புதன்கிழமை வந்து கேட்டார். முதல் நாட்களில் எல்லாரும் முண்டியடிப்பார்கள், கடைசி நாளில் சேர்வர் காற்று வாங்கும், அப்போது செய்வோம் என்றார் முத்தலிப். வியாழக்கிழமை வந்தார். கடைசி நாள் நாளைக்குத்தானே என்றார். வெள்ளிக்கிழமை காலை வந்தபோது அவர் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டைக்கு அத்தர் பூசிக்கொண்டிருந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் பத்து நிமிடம் மிச்சமிருக்கும், டோக்கனுக்குப் பத்து நிமிடம் என்பது ஐந்து ஆயுள் என்று கணக்குச் சொன்னார்.

"மாமா, எனக்கு ஒரு ஆயுள்தான் மிச்சம்" என்றார் றுமானா.

அந்தப் பேச்சு முத்தலிப்பைத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று அப்படி ஒரு காரியம் செய்திருக்கமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். தெரு முழுவதும் அறிந்த வழக்கம். அன்று மட்டும், தொழுகை முடிந்த கையோடு உதவலாம் என்று, சத்தத்தை அணைத்து அதிர்வில் விட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

றுமானாவுக்கு இது தெரியாது. போன் வீட்டில்தான் இருக்கும், நபீஸா மாமி வாசித்துச் சொல்வார் என்று நம்பி, பன்னிரண்டே காலுக்கு முத்தலிப்பின் வீட்டுக்குள் வந்து தன் போனில் பொத்தானை அழுத்தினார். வீட்டில் எங்கும் சத்தமில்லை. நபீஸா தலையணைகளைத் தூக்கிப் பார்த்தார். றுமானா மறுபடி அழுத்தினார். நபீஸா அலுமாரியைத் திறந்தார். மூன்றாவது தடவைக்குக் கட்டிலுக்கடியில் குனிந்தார். நான்காவது தடவைக்குப் பிறகுதான், ஆணியில் தொங்கும் சாறனுக்குப் பக்கத்தில் மின்னேற்றும் வயர் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தார்.

"புள்ள, இனி அமத்தாத" என்றார் நபீஸா. திரையிலும் அதுதான் எழுதியிருந்தது: இன்னும் ஒரு முயற்சி மட்டும், அதுவும் தவறினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குக் கணக்குப் பூட்டப்படும்.

பள்ளிவாசலில் இமாமின் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. குத்பா நேரத்தில் பக்கத்தில் இருப்பவனைப் பேசாதே என்று சொல்வதுகூடக் கூடாது; போனை எடுத்துப் பார்ப்பது எங்கே? முதல் அதிர்வு நெஞ்சில் பட்டது. ஆறு இலக்கம் வந்துவிட்டது, இரண்டு நிமிடத்தில் செத்துவிடும் என்று முத்தலிப்புக்குத் தெரியும். செத்தது. இரண்டாவது வந்தது. அதுவும் செத்தது. அண்டை வீட்டாரின் உரிமைகள் பற்றி இமாம் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முத்தலிப்பின் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. மூன்று. நான்கு. ஐந்தாவது வந்து போனால் பூட்டு விழும் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த மனிதர் ஒருவர், ஒன்றும் சொல்ல வழியில்லாமல் முப்பது நிமிடம் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்ததுண்டா? குளிரூட்டிக்குக் கீழே அவருக்கு வியர்த்தது. ஐந்தாவது அதிர்வு வரவில்லை. அவர் அதை எதிர்பார்த்தபடியே தொழுகையில் ருகூஉவுக்குக் குனிந்தார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் எழுந்தார். பின்னால் இருந்தவர்களின் தோள்களைத் தாண்டி, வாசலில் அகப்பட்ட செருப்புகளில் ஒன்று தன்னுடையதும் ஒன்று யாருடையதோவுமாகப் போட்டுக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் ஒழுங்கையில் திரும்பி வீட்டுக்குள் வந்து விழும்போது மணி பன்னிரண்டு ஐம்பத்துமூன்று. றுமானா கட்டிலோரத்தில் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பார்வை பார்த்தார், அழுத்தினார்.

முத்தலிப்பின் சட்டைப் பை அதிர்ந்தது. எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். போட்டார். திரையைப் பார்த்தார். இந்த இடத்தில் எந்த மனிதரும் என்ன செய்வார்? இலக்கத்தை வாசிப்பார். டோக்கன் காவலர் தொண்டையைச் செருமினார்.

"இப்ப பாருங்க புள்ள, முந்தி வந்த நாலும் செத்துப் போச்சி. அது ஏன் செத்த எண்டு விளங்கினாத்தான், அடுத்த முறை நீங்க..."

"விளக்கத்த பொறகு சொல்லுங்க" என்று நபீஸா அவர் கையிலிருந்து போனை வாங்கினார். "எழுது புள்ள. ஏழு. பூச்சியம். ரெண்டு, ரெண்டு. ஒம்பது. நாலு."

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குத் திரை பச்சையாயிற்று. றுமானா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். முத்தலிப்பும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்று முன்னமே சொன்னோமே.

அழுது முடித்த றுமானா, தளத்துக்குள் இருந்தபடியே தன் கணக்கிலிருந்த தொலைபேசி இலக்கத்தைத் தன்னுடையதாக மாற்றிக்கொண்டார். அதற்கும் பழைய இலக்கத்துக்குத்தான் ஆறு இலக்கம் வந்தது. அதையும் நபீஸாதான் வாசித்தார். செய்தி தெருவில் இறங்கி நடந்தது. மாலை அஸர் தொழுகைக்கு முன் பதினொரு பேர் வாசலில் நின்றார்கள். தங்கள் கணக்குக்குச் சொந்த இலக்கம் வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள், எல்லாருடைய முகத்திலும் ஒரே கூச்சம்: முத்தலிப் காக்கா, குறை நினைக்காதீங்க.

முத்தலிப் குறை நினைக்கவில்லை. பழைய கலண்டர் தாளை வெட்டி, ஒன்று முதல் பதினொன்று வரை எழுதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்று சொல்லி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அதிகாரம் போகிற நேரத்திலும் ஒழுங்கு போகக்கூடாதல்லவா? ஏழாவது துண்டு ஹில்மிக்குக் கிடைத்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"காக்கா, ஊர் முழுக்க இந்த நம்பர்ல தொங்குது. நம்பர் உங்கட பேர்லதானே இரிக்கி?"

இதென்ன கேள்வி என்று சிரித்தபடியே முத்தலிப் தன் அடையாள அட்டை இலக்கத்தில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு ஒரு செய்தி அனுப்பினார். பதில் உடனே வந்தது. ஒன்றுமில்லை.

பதினேழு வருடத்துக்கு முன், தோஹாவுக்கு விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது, அந்தச் சிம்மை வாங்கிக் கொடுத்தவர் நபீஸாவின் அண்ணன், காத்தான்குடி முகைதீன்பாவா. வெளிநாடு போகிற ஆளின் அடையாள அட்டை தொலையும், என் பேரில் கிடக்கட்டும், அதுதான் பாதுகாப்பு என்று அவர் அன்று நீண்ட விளக்கம் சொன்னது முத்தலிப்புக்கு இப்போது ஞாபகம் வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடிந்ததும் உங்கள் போனின் செய்திப் பெட்டியை ஒருமுறை கீழே வரை தள்ளிப் பாருங்கள். உம்மாவின் வங்கிக் கணக்கு, தங்கையின் மின்னஞ்சல், எதிர்வீட்டுக்காரர் கடவுச்சீட்டுக்குப் பதிந்த நேரம், உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆறு இலக்கங்கள் ஏதாவது கிடக்கின்றனவா? நான் உதவிதானே செய்தேன், என்ன நடந்ததென்றால் என்று உங்கள் வாய் திறக்கிறதா?

முத்தலிப் சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில், கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடிக்குப் போகிறார். சிம்மைப் பெயர் மாற்ற முகைதீன்பாவா நேரில் வந்து கையொப்பம் வைக்க வேண்டும். போனை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். ஒன்பது மணிக்கு வருபவர்களுக்கு நபீஸா வாசித்துக் கொடுப்பார். இலக்கம் மட்டும்.