கொள்கைத் தரம் நாலரை

ஓர் அரசாங்கத்துக்குப் புத்தி வர வேண்டுமானால் அது வெளிநாட்டில் கடன் வாங்கியே தீர வேண்டும். இந்த மகத்தான உண்மை ஓசூர்ப் பக்கத்து நகராட்சி ஒன்றின் உதவியாளர் சென்னகிருஷ்ணனுக்குப் போன ஆவணியில்தான் தெரிந்தது.

குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் தர வந்த வளர்ச்சி வங்கி, "உங்கள் 'கொள்கைத் தரம்' ஆறுக்கு இரண்டு. நான்கைத் தொட்டால் கடன்" என்று எழுதியிருந்தது. ஆணையர் ஆனந்தராஜ் அவசரக் கூட்டம் போட்டார்.

"எதுல மார்க் கொறஞ்சுது?"

"இலவசத் தண்ணியிலங்க சார். நாப்பத்தெட்டு தெருக்குழாயும் கொள்கைப் பிழையாமுங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

"புடுங்கிடலாமே!"

"வூட்டுக்கு வூடு குழாய் குடுத்துட்டுத்தான் புடுங்கணுமாமுங்க."

"அதுக்குப் பணம்?"

"கடன் வந்தாத்தானுங்க."

"கடன் எப்ப வரும்?"

"தெருக்குழாயப் புடுங்குனாத்தானுங்க."

"எவ்வளவு தெளிவா யோசிச்சிருக்காங்க பாரு!" ஆணையர் நெகிழ்ந்துபோனார்.

வீட்டுக் குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது; பிடுங்கும் உத்தரவைச் சென்னகிருஷ்ணனே எழுதினார். அவர் தெருக் குழாயும் அதில் இருந்தது. தொழிற்சாலை பஸ் ஐந்தரைக்கு வருமுன் அவர் மனைவி முனிலட்சுமி நாலு குடம் பிடிப்பது அதில்தான். உலகத் தரம் என்றால் சும்மாவா என்று தேற்றிக்கொண்டார்.

தரம் நாலரைக்கு எகிறியது. முதல் தவணையும் வந்தது. வந்த தரத்தைக் காப்பாற்ற வேண்டாமா? 'கொள்கை மேம்பாட்டுப் பிரிவு' என்று ஓர் அறை, மூன்று ஆலோசகர்கள், இரண்டு டன் ஏசி. தவணை அத்துடன் தீர்ந்தது.

முனிலட்சுமி அடுத்த தெரு போர்வெல்லில் வரிசை நின்று நாலு முறை பஸ்ஸை விட்டாள். ஒப்பந்த வேலை; ஐந்தாம் நாள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். சென்னகிருஷ்ணன் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

தை மாதம் வங்கிக் குழு பாராட்ட வந்தது. மாலை, பொன்னாடை, மேம்பாட்டுப் பிரிவைச் சுற்றிப் பார்த்தல். அறையின் பின்பக்கச் சுவரோரம் ஒருத்தி, சொட்டும் ஏசி குழாய்க்கடியில் குடம் வைத்து உட்கார்ந்திருந்தாள். சென்னகிருஷ்ணனுக்கு வேர்த்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்று தமிழ் தெரிந்த குழுத் தலைவர் குனிந்து கேட்டார்.

"நீங்க குடுத்த கடன்ல ஊருக்கு வந்த தண்ணி இது ஒண்ணுதானுங்க" என்றாள் முனிலட்சுமி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்க வூட்டுக்காரரு எழுதுன கொள்கைக்கு இன்னும் கால் கொடங்கூட ரொம்பல."